ஆங்கிலத்தில் ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் வருவது எப்படி?

கேள்வி இது: "பள்ளியில் வாட்டர் என்றால் தண்ணீர், ஹேண்ட் என்றால் கை, ஃபேஸ் என்றால் முகம் என்று மனப்பாடம் செய்தேன். வேலைக்கு வந்த பிறகு பார்த்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் வாட்டர், காகிதத்தைக் கொடுப்பதும் ஹேண்ட், பிரச்சினையை எதிர்கொள்வதும் ஃபேஸ். கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதைக்கூட சேர் என்கிறார்கள். இதற்கு விதி ஏதாவது உண்டா? எந்தப் பெயர்ச்சொல்லையும் இப்படி வினையாக்கலாமா? படிக்கும்போது எது பெயர், எது வினை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

முதலில் நேரடியான பதில். ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் ஏராளமான சொற்களுக்கு, தனியாக நிற்கும்போது பெயர் என்றோ வினை என்றோ முத்திரை கிடையாது. வாக்கியத்தில் அது போய் உட்காரும் இடம்தான் அதைப் பெயராகவோ வினையாகவோ ஆக்குகிறது. நமக்கு இது குழப்பமாக இருப்பதற்குக் காரணம், தமிழில் சொல்லின் கடைசியைப் பார்த்தே பொருள் எடுத்துப் பழகியிருக்கிறோம். வீட்டை, வீட்டுக்கு, வீட்டில் என்றால் பெயர். வந்தான், வருகிறாள், வருவோம் என்றால் வினை. வரிசையை மாற்றிப் போட்டாலும் தடுமாற மாட்டோம். "நாயைப் பூனை பிறாண்டியது" என்றாலும் "பூனை நாயைப் பிறாண்டியது" என்றாலும் யார் யாரைப் பிறாண்டியது என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் சொல்வரிசை செய்கிறது. அதனால் சொல்லின் கடைசியை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் என்ன நிற்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும்.

தமிழில் இந்த வழக்கம் அறவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். "அவனை அடி" என்பதில் அடி வினை; "நல்ல அடி விழுந்தது" என்பதில் அதே அடி பெயர். உதை, இடி, வெட்டு எல்லாம் இப்படித்தான். விகுதி எதுவும் சேராமல் பகுதியே பெயராக நிற்பதை முதனிலைத் தொழிற்பெயர் என்று நம் இலக்கணம் சொல்கிறது. முதலெழுத்து நீண்டு பெயரானால் முதனிலை திரிந்த தொழிற்பெயர்: கெடு கேடு ஆகும், சுடு சூடு ஆகும், பெறு பேறு ஆகும். ஆங்கிலத்திலும் ஃபீட் என்றால் ஊட்டுவது, ஃபுட் என்றால் உணவு. ப்ளீட் என்றால் ரத்தம் கசிவது, ப்ளட் என்றால் ரத்தம். காரணம் வேறுதான், ஆனாலும் உள்ளே உயிரெழுத்து மாறிப் பெயரும் வினையும் பிரிவதைப் பார்த்தால் நமக்கு அந்நியமாகத் தெரியாது.

வேறுபாடு எங்கே என்றால், தமிழில் வினைப்பகுதி வெறுமையாக நிற்பது பெரும்பாலும் ஏவலில் மட்டும்தான். காலம் காட்ட வேண்டும் என்றதும் அடித்தான், அடிக்கிறான் என்று வேடம் வெளுத்துவிடும். ஆங்கில வினைக்கு நிகழ்காலத்தில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு 'எஸ்' மட்டுமே. ஐ வாட்டர், யூ வாட்டர், தே வாட்டர், வில் வாட்டர், டு வாட்டர் என்று எல்லா இடத்திலும் சொல் அப்படியே நிற்கிறது. இப்படி வெறுமையாக நிற்கும் மொழியில் ஒரு பெயரைத் தூக்கி வினையின் இடத்தில் வைக்க எந்தத் தடையும் இல்லை.

ஆனால் ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அதுவும் தமிழைப் போல விகுதி சேர்க்கும் மொழிதான். லவ் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழைய ஆங்கிலத்தில் அன்பு என்ற பெயர் லுவு. அன்பு செலுத்துவது என்ற வினை லுவியன். அவன் நேசிக்கிறான் என்றால் லுவத், நேசித்தான் என்றால் லுவொடெ. பெயரை வினையோடு யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. அப்புறம் நடந்தது என்னவென்றால், அழுத்தம் முழுக்கச் சொல்லின் முதல் பகுதியில் விழுந்ததால் கடைசி ஒலிகள் தேயத் தொடங்கின. ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களோடு கலந்து பேசியதும் விகுதிகள் உதிர ஒரு காரணம் என்று பல மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். வேர்ச்சொல் இரு தரப்புக்கும் ஏறக்குறைய புரிந்தது, விகுதிகள்தான் இடித்தன. 1400இல் இறந்த கவிஞர் சாசரின் செய்யுளில் லவ் என்பதன் கடைசி உயிர் இன்னும் ஒலித்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் அதுவும் போயிற்று. பெயரும் வினையும் ஒரே உருவத்துக்கு வந்து நின்றன. டிரிங்க், ஆன்ஸர், எண்ட் எல்லாம் இதே பாதையில் வந்தவைதான்.

1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வந்து குவிந்த பிரெஞ்சுச் சொற்களும் இதே அச்சில் விழுந்தன. பிரெஞ்சில் மாற்றம் என்ற பெயருக்கு ஒரு வடிவம், மாற்றுவது என்ற வினைக்கு வேறு ஈறு. ஆங்கிலம் அந்த ஈற்றைக் கழற்றிவிட்டு இரண்டையும் சேஞ்ச் என்று வைத்துக்கொண்டது. இப்படி ஜோடி ஜோடியாக ஒரே உருவத்தில் சொற்கள் பெருகியதும், பேசுகிறவர்களுக்கு அதுவே ஒரு வழியாகப் படிந்துவிட்டது. வரலாற்றில் ஜோடியே இல்லாத சொற்களையும் அதே வழியில் மாற்ற ஆரம்பித்தார்கள்.

உதிர்ந்த விகுதி ஓரிடத்தில் தன் தடயத்தை விட்டுப் போயிருக்கிறது. ஹவுஸ் என்ற சொல்லை ஆங்கிலேயர் சொல்லும்போது கவனியுங்கள். வீடு என்ற பெயராக வரும்போது கடைசி ஒலி வெறும் காற்று. தொண்டையில் கைவைத்தால் அதிர்வு தெரியாது. இடம் கொடுத்துத் தங்கவைப்பது என்ற வினையாக வரும்போது அதே 'எஸ்' தொண்டை அதிர 'இஸட்' ஆகிறது. காரணம் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் பெயர் ஹூஸ், வினை ஹூஸியன். இரண்டு உயிர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மெய்யொலி அதிர்வொலி ஆகிவிடும் என்பது அன்றைய ஒலிவிதி. நமக்கு இது நன்றாகத் தெரிந்த சங்கதி. 'பல்' என்பதில் வரும் பகரமும் 'கபம்' என்பதில் வரும் பகரமும் எழுத்தில் ஒன்று, ஒலியில் வேறு. நடுவில் வந்தால் அதிரும். ஆங்கிலத்தில் பின்னர் இயன் என்ற விகுதி உதிர்ந்துவிட்டது, ஆனால் அது உண்டாக்கிய அதிர்வு மட்டும் நின்றுவிட்டது. பாத் என்பதும் பேத் என்பதும், ப்ரெத் என்பதும் ப்ரீத் என்பதும், லைஃப் என்பதும் லிவ் என்பதும், பிலீஃப் என்பதும் பிலீவ் என்பதும் இந்த வரிசைதான். பெயரில் காற்றொலி, வினையில் அதிர்வொலி. பிரெஞ்சு வழியே வந்த யூஸ், எக்ஸ்கியூஸ், அட்வைஸ் ஆகியவையும் இந்த வரிசையில் சேர்ந்துகொண்டன.

தமிழ் எழுத்தில் இந்த இரண்டு 'ஸ்'களையும் பிரித்துக் காட்ட வழியில்லை. அதனால்தான் நம்மில் பலர் அட்வைஸ் என்பதைப் பெயருக்கும் வினைக்கும் ஒரே மாதிரி உச்சரிக்கிறோம், எழுதும்போது எங்கே 'சி', எங்கே 'எஸ்' என்று திணறுகிறோம். இந்த ஒரு ஜோடியைக் காதில் சரியாக வாங்கிக்கொண்டால் இன்னொரு தலைவலியும் தீரும். பிரிட்டிஷ் வழக்கில், நாமும் அதைத்தான் பின்பற்றுகிறோம், லைசென்ஸ், பிராக்டிஸ் இரண்டுக்கும் பெயரில் 'சி', வினையில் 'எஸ்'. ஒலியில் வேறுபாடு இல்லாததால் நினைவில் நிற்பது கடினம். அட்வைஸை மனதில் சொல்லிப் பார்த்து அதே எழுத்தைப் போட்டால் சரியாக இருக்கும். அமெரிக்கர்கள் பிராக்டிஸை இரண்டுக்கும் 'சி' போட்டும், லைசென்ஸை இரண்டுக்கும் 'எஸ்' போட்டும் எழுதுகிறார்கள். அமெரிக்க நிறுவனத்துக்கு எழுதினால் அதன்படியே போகலாம்.

அடுத்து அழுத்தம். என் பார்வையில் தமிழர்கள் கூடுதலாக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் எழுத்தில் இது தெரியவே தெரியாது. ரெகார்ட் என்று முதல் அசையை அழுத்தினால் பதிவு என்ற பெயர். ரிகார்ட் என்று இரண்டாவதை அழுத்தினால் பதிவு செய்வது என்ற வினை. அழுத்தம் நகரும்போது, அழுத்தம் இழந்த அசையின் உயிரும் சுருங்கிவிடும். ப்ரெஸன்ட் பரிசு, ப்ரிஸென்ட் வழங்குவது. ஆப்ஜெக்ட் பொருள், அப்ஜெக்ட் ஆட்சேபிப்பது. கான்ட்ராக்ட், பர்மிட், இம்போர்ட், புரொடெஸ்ட், இன்க்ரீஸ் எல்லாம் இப்படியே. தமிழில் அழுத்தத்தால் சொல்லின் பொருள் மாறுவதில்லை என்பதால் நம் காது இதைத் தேடுவதே இல்லை. எல்லா அசைகளையும் சமமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். எதிரில் இருக்கும் ஆங்கிலேயருக்கு ஒரு நொடி சறுக்குகிறது.

இந்த முறை பழங்காலத்திலிருந்து வந்ததல்ல, வளர்ந்துகொண்டே வந்தது. பீட்டர் லெவின்ஸ் 1570இல் வெளியிட்ட சொல்தொகுதியில் இப்படி அழுத்தத்தால் பிரியும் சொற்கள் மூன்றுதான்: அவுட்லா, ரெபெல், ரெகார்ட். இன்றைக்கு அது நூற்றைத் தாண்டிவிட்டது. ரிசர்ச், அட்ரஸ் போன்றவை இப்போதும் ஆளுக்கொரு விதமாக ஒலிக்கின்றன. ஆனால் எல்லாச் சொல்லுக்கும் இந்த விதியைப் பூட்டிவிடாதீர்கள். ரிப்போர்ட், சப்போர்ட், ரிக்வெஸ்ட், கன்ட்ரோல் இவற்றுக்குப் பெயரானாலும் வினையானாலும் அழுத்தம் இரண்டாம் அசையில்தான். ஆன்ஸர், விசிட், ப்ராமிஸ், ஆஃபர் இவற்றுக்கு எப்போதும் முதல் அசையில்தான். எஸ்டிமேட், கிராஜுவேட், டூப்ளிகேட் வகையில் அழுத்தம் நகராது. வினையில் கடைசி அசை 'ஏட்' என்று முழுதாக ஒலிக்கும், பெயரில் 'இட்' போலச் சுருங்கிவிடும். கொத்தனாரிடம் நாம் கேட்கும் எஸ்டிமேட் பெயர்ச்சொல். ஆங்கில உச்சரிப்பில் அது எஸ்டிமிட் என்றுதான் கேட்கும்.

சரி, உருவம் ஒரு பக்கம். பொருள் எப்படி வருகிறது? வாட்டர் வினையானால் ஏன் தண்ணீர் ஊற்றுவது என்று பொருள்? தண்ணீர் குடிப்பது, தண்ணீரில் இறங்குவது என்று ஏன் இல்லை? இதற்கு இலக்கணத்தில் விடை கிடையாது. அந்தப் பொருளை வைத்து மனிதர்கள் வழக்கமாக என்ன செய்கிறார்களோ அதுதான் வினையின் பொருளாகிறது. சேடல் என்ற சேணம் குதிரையின் முதுகில் ஏறுவது, அதனால் வினை சேணம் பூட்டுவது. பாட்டிலுக்குள் ஒன்றை அடைப்பதால் பாட்டில் என்ற வினை அடைப்பது. ஹேமரால் அடிப்பதால் சுத்தியலால் அடிப்பது. நர்ஸ் செய்யும் வேலை கவனித்துக்கொள்வது. பசுவோடு வரும்போது மில்க் என்றால் பால் கறப்பது. யாரும் பசுவுக்குப் பால் ஊற்றுவது என்று புரிந்துகொள்ள மாட்டார்கள்.

டஸ்ட் இதற்கு நல்ல சோதனை. அலமாரியை டஸ்ட் செய்தால் தூசியை எடுப்பது. கேக்கின் மேல் சர்க்கரையை டஸ்ட் செய்தால் பொடியைத் தூவுவது. நேர் எதிரான இரண்டு வேலைக்கு ஒரே வினை. போலீஸார் கைரேகை எடுக்கும்போதும் அதே டஸ்ட்தான், அங்கேயும் பொடி தூவுகிறார்கள். எது எடுப்பது, எது தூவுவது என்று சொல்லில் குறிப்பே இல்லை. அலமாரியையும் கேக்கையும் பற்றி நமக்குத் தெரிந்ததுதான் பொருளைத் தீர்மானிக்கிறது. சீட் என்பதும் அப்படியே: புல்வெளி என்றால் விதை தூவுவது, திராட்சை என்றால் விதையை நீக்குவது.

ஈவ் கிளார்க், ஹெர்பர்ட் கிளார்க் என்ற மொழியியல் தம்பதியர் பெயர்ச்சொற்கள் வினையாவது பற்றி 1979இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1300க்கும் மேற்பட்ட சொற்களைச் சேர்த்துப் பார்த்து இதைத்தான் காட்டினார்கள். அவர்கள் எடுத்த ஓர் உதாரணம் போர்ச் என்ற சொல். வீட்டின் முன் திண்ணை போன்ற பகுதிக்குப் பெயர் அது, அகராதியில் வினையாக இல்லை. ஆனால் பேப்பர் போடும் பையன் செய்தித்தாளைப் போர்ச் செய்தான் என்று சொன்னால், வாசலில் வீசிவிட்டுப் போனான் என்று கேட்கிற எவருக்கும் புரிந்துவிடுகிறது. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பொதுவான அனுபவம் இருந்தால் போதும்.

நீங்கள் கேட்ட உடலுறுப்புகளுக்கும் இதுதான் விளக்கம். கையால் கொடுப்பதால் ஹேண்ட், முகத்துக்கு நேராக நிற்பதால் ஃபேஸ், முதுகுக்குப் பின்னால் துணை நிற்பதால் பேக், தலைமை வகிப்பதால் ஹெட். ஷோல்டர் என்றால் பொறுப்பைச் சுமப்பது. நாம் தோள் கொடுப்பது என்கிறோமே, அதற்குப் பக்கத்தில் வருகிறது. ஸ்டமக் வினையானால் சகித்துக்கொள்வது. அவன் செய்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை என்று தமிழில் சொல்கிறவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

பொருள் அனுபவத்திலிருந்து வருகிறது என்றால், அனுபவம் வேறானால் பொருளும் வேறாக வேண்டும் அல்லவா? அப்படியும் நடந்திருக்கிறது. டேபிள் என்ற வினைக்கு பிரிட்டனில் விவாதத்துக்கு முன்வைப்பது என்று பொருள். நம் நாடாளுமன்றத்திலும் அறிக்கையை டேபிள் செய்தார்கள் என்றால் அவையில் வைத்தார்கள் என்றுதான் அர்த்தம். அமெரிக்காவிலோ அதற்கு நேர் எதிர்: இப்போதைக்குப் பேச வேண்டாம், ஒத்திவைப்போம் என்று பொருள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அறிக்கையை அவசரமாக டேபிள் செய்ய வேண்டும் என்றார்கள். அமெரிக்க அதிகாரிகள் கூடவே கூடாது என்றார்கள். நீண்ட நேரம் காரசாரமாக வாதாடிய பிறகுதான் இரு தரப்பும் கேட்பது ஒன்றையே என்று தெரியவந்ததாக வின்ஸ்டன் சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இதுவரை சொன்னது பெயர் வினையாவது. வினை பெயராவதும் அதே அளவுக்கு உண்டு, அதைக் கற்றுக்கொள்ள கிரிக்கெட்டைப் போல நல்ல இடம் இல்லை. ரன், கேட்ச், டிரைவ், கட், புல், ஸ்வீப், த்ரோ எல்லாமே வினைச்சொற்கள், எல்லாமே ஸ்கோர் சொல்லும்போது பெயராக நிற்பவை. ஓடினால் ஒரு ரன், பிடித்தால் ஒரு கேட்ச். தமிழுக்கு வரும்போது நாம் எடுத்துக்கொண்டது பெயரை மட்டும்தான். அதனால்தான் அதற்கு நம் வினை ஒன்றைத் தனியாகச் சேர்க்கிறோம்: ரன் எடுத்தார், கேட்ச் பிடித்தார், டாஸ் போட்டார்கள். கேட்ச் என்றாலே பிடிப்பதுதான். இருந்தும் தமிழில் பிடித்தால்தான் வாக்கியம் முடிகிறது. கால் பண்ணு, டிரைவ் பண்ணு, புக் பண்ணு, கூகுள் பண்ணு எல்லாம் இதே கதை. கடன் வாங்கிய பெயரைத் தமிழே நேராக வினையாக்கிய காலமும் உண்டு: நேசம் நேசி ஆனது, தியானம் தியானி ஆனது, நம் சொந்தச் சொல்லான காதலிலிருந்தும் காதலி என்ற வினை வந்தது. இணையத்தில் சிலர் கூகுளித்தேன், ட்வீட்டினார் என்று எழுதுவது அந்தப் பழைய வழியில்தான். எனக்கு அது பிடிக்கும். பேச்சில் இன்னும் பண்ணுதான் ஆள்கிறது.

வினை பெயராகும்போது ஆங்கிலத்தில் பொருள் கொஞ்சம் நுணுக்கமாக மாறும். வாக் என்ற வினைக்கு முன்னால் 'எ' போட்டு ஹாவ் அல்லது டேக் சேர்த்தால், சும்மா ஒரு தடவை, கொஞ்ச நேரம், லேசாக என்ற சாயல் வந்துவிடும். தமிழில் "ஒரு நடை போய்ட்டு வந்துடறேன்", "ஒரு தூக்கம் போட்டேன்", "ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க" என்கிறோமே, அதே சாயல். ஹாவ் எ லுக், ஹாவ் எ டிரிங்க், ஹாவ் எ ஸ்விம் என்பார்கள். ஹாவ் அன் ஈட் என்று சொல்ல மாட்டார்கள். ஏன் என்று அன்னா வெர்ஸ்பிட்ஸ்கா 1982இல் ஒரு முழுக் கட்டுரையே எழுதினார். குறிப்பிட்ட எல்லை இல்லாமல், வேண்டுமானால் திரும்பச் செய்யக்கூடிய, செய்பவருக்கு இதமான காரியங்களுக்குத்தான் இந்த வடிவம் பொருந்துகிறது என்பது அவர் விளக்கத்தின் சாரம். இங்கே நம்மவர்களுக்கு வரும் சிக்கல், எந்தப் பெயருக்கு எந்தத் துணைவினை என்பது. கால் என்றால் மேக், ரெஸ்ட் என்றால் ஹாவ், டாக் என்றால் கிவ். தமிழில் ஃபோன் போடுகிறோம் என்பதற்காக ஆங்கிலத்தில் புட் வராது. இதைச் ஜோடியாகத்தான் நினைவில் வைக்க வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை.

எந்தப் பெயரையும் வினையாக்கலாமா என்றால், பெரும்பாலும் ஆம். தடுப்பது முக்கியமாக ஒன்று: அந்த வேலைக்கு ஏற்கனவே நல்ல சொல் இருப்பது. சைக்கிள் வினையாகும், ஷிப் ஆகும், ஜெட் கூட ஆகும். கார் மட்டும் ஆவதில்லை, டிரைவ் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஹாஸ்பிடலைஸ் இருப்பதால் ஹாஸ்பிடல் வினையாவதில்லை. அரைவல், டிசிஷன், மூவ்மென்ட் போல வினையிலிருந்து பிறந்த பெயர்கள் திரும்பி வினையாகத் தேவையே இல்லை, தாய்வினை உயிரோடு இருக்கிறது. பருவங்களில் இது அழகாகத் தெரியும். கோடியக்கரையில் பூநாரைகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்பதை ஆங்கிலத்தில் வின்டர் என்ற ஒரே வினையில் முடித்துவிடலாம். ஸம்மரும் அப்படி ஆகும். ஸ்ப்ரிங், ஃபால் இரண்டும் ஆகாது. துள்ளுவது, விழுவது என்ற பொருளில் அவை ஏற்கனவே வினைகள்.

புதிதாக ஒரு பெயர் வினையாகும்போதெல்லாம் ஆங்கிலேயர்களே முகம் சுளித்திருக்கிறார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1789 டிசம்பரில் அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், நோட்டீஸ், அட்வகேட், ப்ராக்ரஸ் ஆகியவற்றை வினையாகப் பயன்படுத்துகிறார்களே என்று வருந்தினார். அவற்றில் ப்ராக்ரஸ்தான் மிக மோசம் என்றார். மூன்றுமே இன்று பள்ளிப்பிள்ளைகள் எழுதும் வினைகள். இருபதாம் நூற்றாண்டில் கான்டாக்ட், பின்னர் இம்பாக்ட் இந்த வசவை வாங்கின. கூகுள் 2006இலேயே ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் வினையாக ஏறிவிட்டது. இந்திய ஆங்கிலமும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால் சார்ஜ்ஷீட்டட், கூட்டத்தின் மீது தடியடி நடத்தினால் லத்திசார்ஜ்டு, அமைச்சர் டெல்லிக்கு அவசரமாகப் பறந்தால் ஏர்டாஷ்டு, அதிகாரியை முற்றுகையிட்டால் கெராவோடு. நம் ஆங்கில நாளிதழ்களில் தினமும் கண்ணில் படுபவை. இவற்றைத் தப்பு ஆங்கிலம் என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. ஃபிராங்க்ளின் குறைசொன்ன மூன்று சொற்களும் வந்த அதே வாசல் வழியாகத்தான் இவையும் வந்தன.

இனி, படிக்கும்போது கண்டுபிடிப்பது. முன்னால் தி, எ, மை, திஸ், எவ்ரி போன்றவை இருந்தால் அங்கே ஒரு பெயர் வருகிறது. முன்னால் வில், கேன், மஸ்ட் இருந்தாலோ ஐ, தே, வி இருந்தாலோ வினை. கடைசியில் வரும் 'எஸ்' உதவாது: டூ ரன்ஸ் என்பதில் அது பன்மை, ஹி ரன்ஸ் என்பதில் அது வினைவிகுதி.

அதிகம் ஏமாற்றுவது 'டு'. ஐ வான்ட் டு வொர்க் என்றால் வேலை செய்ய விரும்புகிறேன், வொர்க் வினை. ஐ வென்ட் டு வொர்க் என்றால் வேலைக்குப் போனேன், வொர்க் பெயர். முதல் 'டு' வினையின் முன்னொட்டு, இரண்டாவது நம் நான்காம் வேற்றுமைக்கு ஈடான இடைச்சொல். மின்னஞ்சல் முடிக்கும்போது நம்மவர்கள் பலர் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ என்று எழுதுவது இந்தக் குழப்பத்தால்தான். அங்கே இருப்பது இரண்டாவது வகை 'டு'. அதற்குப் பின்னால் பெயர் வேண்டும், அல்லது பெயர் போல நடக்கும் மீட்டிங் என்ற வடிவம் வேண்டும். 'டு'வுக்குப் பின்னால் ரிப்ளை என்ற சொல்லை 'யுவர்' சேர்த்துப் போட்டுப் பாருங்கள். பொருந்துகிறது என்றால் அது பெயரின் இடம்.

சில வாக்கியங்கள் கைதேர்ந்தவர்களையும் தடுமாற வைக்கும். மொழியியல் வகுப்புகளில் அடிக்கடி காட்டப்படும் ஒன்று: தி ஓல்ட் மேன் தி போட்ஸ். கிழவர் என்று ஆரம்பித்து, படகுகள் என்று வந்து, வினை எங்கே என்று நின்றுவிடுவோம். தி ஓல்ட் என்பதோடு நிறுத்துங்கள்: முதியவர்கள். அடுத்து வரும் மேன் வினை: ஆளாக நின்று இயக்குவது. முதியவர்கள் படகுகளை இயக்குகிறார்கள் என்பதுதான் செய்தி. மேன் இப்படி வினையாகுமா என்று சந்தேகம் வந்தால் ரயில்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளில்லா லெவல் கிராசிங்கை அன்மேன்டு என்பது அந்த வினையிலிருந்துதான்.

இதனால்தான் ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ப்பொருள் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைக்கும் முறை எனக்கு உடன்பாடில்லை. வாட்டர் என்றால் தண்ணீர் என்று பிள்ளை எழுதுவது தப்பில்லை. ஆனால் அதோடு, தி வாட்டர் என்று ஒரு வாக்கியமும் வாட்டர் தி பிளாண்ட்ஸ் என்று ஒரு வாக்கியமும் சேர்த்து எழுதவைத்தால் இந்தக் கேள்வியே பின்னால் வராது.

நீங்களே புதிதாக ஒரு பெயரை வினையாக்கிப் பேசலாமா? நண்பர்களோடு, சூழல் தெளிவாக இருந்தால், தாராளமாக. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் அகராதியில் வினை என்று குறிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள். இறந்தகாலம் வேண்டுமானால் கண்ணை மூடிக்கொண்டு 'எட்' சேர்க்கலாம், பெயரிலிருந்து பிறந்த வினைக்கு அதுதான் வழக்கம். மணி அடித்தது என்பதற்கு ரிங் என்பது ராங் ஆகும், அது பழைய வினை. போலீஸார் வீட்டைச் சுற்றி வளைத்தார்கள் என்பதற்கு வளையம் என்ற பெயரிலிருந்து வந்த ரிங், ரிங்டு ஆகும். காஸ்ட்டும் அப்படியே: சட்டை ஐநூறு ரூபாய் ஆயிற்று என்றால் காஸ்ட் மாறாது, திட்டத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டார்கள் என்றால் காஸ்டட்.